ரெண்டாவது டிகாஷன்

வாங்க தம்பி, வாங்க. செருப்பை அங்கயே விடுங்க. மெஷின் பாக்கத்தானே வந்தீங்க? சரவணம்பட்டில இருந்து இந்த வெய்யில்லயா? அட சாமி. உக்காருங்க, ஃபேனைப் பெருசா வெக்கறேன். மெஷின் எங்கயும் ஓடிப் போகாதுங்க, உள்ள சமையல் மேடை மேல துணி போட்டு மூடியிருக்குது. சித்தெ கழிச்சுப் பாக்கலாம். மொதல்ல ஒரு காப்பி குடிக்கலாம். காப்பி மெஷின் வாங்க வந்தவருக்கு ஒரு வாய் காப்பி குடுக்காம அனுப்புனான்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாதில்லீங்க.

கம்ப்ளெயிண்டா? ஒண்ணும் இல்லீங்க. ஆயுத பூஜைக்கு முன்னால வாங்குனது, இன்னும் வாரண்டி இருக்குது. அப்புறம் எதுக்கு விக்கறீங்கன்னு கேக்கறீங்க. கேக்கோணும். நானா இருந்தாலும் அதைத்தான் மொதல்ல கேப்பேன். பழைய மோட்டார் ஒண்ணை எவனாவது கடைக்குக் கொண்டாந்தா, மோட்டாரைப் பாக்கறதுக்கு முன்னால அவன் மூஞ்சியைத்தான் பாப்பேன். என்ற மூஞ்சியைப் பாருங்க. ஏமாத்தறவன் மூஞ்சியா இது? ஏமாந்தவன் மூஞ்சிங்க.

யாருகிட்ட ஏமாந்தேன்னு கேளுங்க. கட்டுன பொண்டாட்டிகிட்ட.

சிரிக்காதீங்க தம்பி. உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா? இல்லையா? அப்பச் சிரிங்க, பரவால்ல.

என்ற பேரு நாச்சிமுத்து. காந்திபுரத்துல பம்பு செட் கடை. இப்பத் தம்பி பையன் பாத்துக்கறான், நான் பேருக்கு ஒருக்காப் போயி உக்காந்துட்டு வர்றேன். வாழ்க்கை பூராம் தண்ணியை மேல ஏத்தறதுதான் சோலி. எனக்கு வேற எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாதுங்க. காப்பி ஒண்ணுதான். காலைல எந்திரிச்சதும் ஒண்ணு, பதினோரு மணிக்கு ஒண்ணு, கடையில இருந்து வந்ததும் ஒண்ணு. பில்டர் காப்பி. கெட்டியா, கமகமன்னு. என்ற வீட்டுக்காரி வசந்தாமணி கையில ஒரு பக்குவம் இருக்குதுங்க, அதை நான் இல்லைன்னு சொல்லவே மாட்டேன். கம்பெனி ஆளுக, டீலருக, ஒறம்பரை சனம், எவன் இந்த வீட்டுக்கு வந்தாலும் டம்ளரைக் கீழ வெக்கறப்ப ஒரு வார்த்தை சொல்லாமப் போனதில்லை. நாச்சிமுத்து வீட்டுக் காப்பின்னா அப்படி ஒரு பேரு.

இப்படி இருந்தவன் எதுக்கு மெஷினுக்குப் போனேன்னு கேளுங்க. அவளுக்காகத்தான். இதை நீங்க யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. பித்தளை பில்டருங்க, எங்கம்மா காலத்துது. ஆறிப்போச்சுன்னா மேல் பாத்திரம் கீழ் பாத்திரத்தோட கவ்விக்கும். அதை முறுக்கி முறுக்கி எடுத்து அவளுக்கு மணிக்கட்டுல வலி. தைலம் தேச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க நான் என்ன கல்லா? பெங்களூருல என்ற மக யமுனா வீட்டுக்குப் போனப்ப அங்க ஒரு மெஷினைப் பாத்தேன். பொத்தானை அமுத்துனா சர்ருனு காப்பி. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவளுக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்தரோணும்னு.

ஆனா தம்பி, யமுனா வெச்சிருக்கறதையே வாங்குனா அது வாங்கறதாங்க? ஒரு சாமானை வாங்கறதுன்னா அதோட அடிவயித்துல என்ன இருக்குதுன்னு தெரியோணும். எத்தனையோ வீடியோ பாத்தேன். கண்ணு எரிஞ்சு தண்ணியா வந்துச்சு, வசந்தாமணிதான் சொட்டு மருந்து விட்டா. மாத்திரை மாதிரி ஒண்ணைப் போட்டா காப்பி வருதில்ல, அது வேண்டாம்னுட்டேன். காப்பிக்குமா மாத்திரை? அப்புறம் கொட்டையைப் போட்டா அதுவே அரைச்சு, அதுவே பாலை நுரைக்க வெச்சு, அதுவே கழுவிக்கற மெஷின் ஒண்ணு. அதுல ஒரு சின்னக் கம்பி போச்சுன்னா மெஷினே போச்சு. எல்லாத்தையும் தானே பண்ணிக்கற மோட்டாரை நான் என்னிக்கும் நம்புனதில்லை. கடைசியா, பாதி வேலையை அது பண்ணி பாதியை நாம பண்றதுன்னு ஒரு வகை. பொடியை நாம அமுத்தி வெக்கோணும், தண்ணியை அது தள்ளும். இதுதான் சரின்னு பட்டுது.

கடைக்கு அவளையும் கூட்டிட்டுப் போனேன். அங்க இருந்த பையன் என்னைப் பாத்து, ஐயா இது பதினஞ்சு பார் பம்புங்கன்னான். எங்கிட்டப் போயி பம்பு! ஏப்பா, பதினஞ்சு பார் உன்ற பம்பு தரும், காப்பிக்கு எத்தனை வேணும்னு கேட்டேன். முழிக்கறான். ஒம்பது போதும்டான்னேன். ஒம்பது பார்னா என்னன்னு தெரியுமுங்களா தம்பி? முன்னூறு அடி போர்ல இருந்து தண்ணியை மேல தள்ளற பிரஷருங்க. ஒரு டம்ளர் காப்பிக்கு! அதைச் சொன்னதும் கடையில இருந்த ஆளுகெல்லாம் என்னைச் சுத்தி நின்னுட்டாங்க. மேனேஜரே வந்துட்டாரு. நான் பாட்டுக்கு வால்வு, வாஷர், பாய்லர்னு பேசிட்டிருக்கேன்.

வசந்தாமணி ஒரு ஸ்டூல்ல உக்காந்து, அவங்க குடுத்த காப்பியைக் குடிச்சுட்டிருந்தா. குடிச்சுட்டு அந்தப் பையன்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "ஏந்தம்பி, இதுல ஒவ்வொரு கப்புக்கும் புதுப் பொடியா போடோணும்?"

"ஆமாங்கம்மா. ஒரு தடவை தண்ணி போனா சக்கையாயிரும். தட்டிக் கொட்டிட்டுப் புதுசுதான் போடோணும்."

"மறுக்காத் தண்ணி ஊத்த முடியாதா?"

"முடியாதுங்கம்மா."

"அப்ப இதையே வாங்கிருங்க"ன்னு எங்கிட்டச் சொல்லிட்டு எந்திரிச்சுட்டா.

நான் என்ன நெனச்சேன்னா, இவ சிக்கனக்காரி, பொடி வீணாகுதேன்னு கேக்கறா, ஆனாலும் என்ற செலக்சன் மேல இருக்கற நம்பிக்கையில சரின்னுட்டா. அப்படித்தான் நெனச்சேன். எவ்வளவு சந்தோசம் தெரியுமுங்களா எனக்கு. வர்ற வழியில அவளுக்கு மல்லிப்பூ வாங்கிக் குடுத்தேன்.

டிகாஷன் தெரியுமில்லீங்க உங்களுக்கு? இந்தக் காலத்துப் பசங்க, அதான் கேக்கறேன். பில்டர்ல பொடியைப் போட்டு கொதிக்கற தண்ணியை ஊத்துனா மொதல்ல இறங்கறது முதல் டிகாஷன். அதுதான் காப்பி. அதே பொடியில இன்னொருக்கா தண்ணி ஊத்துனா ரெண்டாவதா கொஞ்சம் இறங்கும். அது சும்மா, பொடி வீணாகாம இருக்க. முதல் டிகாஷன் வீட்டு ஆம்பளைக்கும் ஒறம்பரைக்கும். ரெண்டாவதை வீட்டுப் பொம்பளைக, வேலைக்கு வர்றவங்க, யாராவது குடிச்சுக்குவாங்க. எந்த வீட்டுலயும் அப்படித்தான். யாரும் சட்டம் போட்டு வெக்கலை. அதையெல்லாம் ஒரு விசயமா எவன் யோசிச்சான்?

மெஷின் வந்துச்சுங்க. வந்த மொத நாளே தகராறு. நம்ம பழைய பொடி, சிக்கரி கலந்தது, அதைப் போட்டேன். அமுத்துனேன். உர்ர்ருங்குது, சொட்டுத் தண்ணி வரலை. அடைச்சுக்கிச்சு. பம்பு போச்சுன்னு நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டேன். அவ என்னை நவுத்திட்டு யமுனாவுக்கு வீடியோ கால் போட்டா. சிக்கரி ஆகாதும்மா, தனிக் காப்பிப் பொடி வாங்கு, அமுத்தறதைப் பதமா அமுத்துன்னு மக சொல்லச் சொல்ல, இவ செஞ்சா. வந்துச்சுங்க. தேன் மாதிரி ஒழுகி வந்துச்சு. நான் போட்டா ஒண்ணு கழனித்தண்ணி, இல்லைன்னா தாரு. அவளுக்குக் கை வந்துருச்சு. சரி, இவ்வளவு நாள் அவதானே போட்டா, இதையும் அவளே போடட்டும்னு விட்டுட்டேன். நமக்குக் காப்பி வந்தாச் சரி.

அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கோணும். கேளுங்க. முன்னெல்லாம் அவ காப்பி குடிக்கறதை நான் பாத்ததே இல்லை. எல்லாருக்கும் குடுத்துட்டு, பாத்திரம் கழுவற தொட்டிகிட்ட நின்னுக்கிட்டே குடிச்சுட்டு டம்ளரைக் கழுவிருவா. மெஷின் வந்த பொறகு கப்பை எடுத்துட்டுப் போயி பால்கனியில நாற்காலி போட்டு உக்கார்றா. உக்காந்து, கண்ணை மூடிக்கிட்டு, ஒவ்வொரு வாயாக் குடிக்கறா. கூப்பிட்டா "வர்றேனுங்க"ங்கறா, வர்றதில்லை. ஒரு நாள் தனியா உக்காந்து சிரிச்சுட்டிருந்தா. என்னடின்னு கேட்டேன். ஒண்ணும் இல்லீங்கன்னுட்டா.

மணிக்கட்டு வலி போயிருச்சுன்னு சந்தோசப்படறான்னு நெனச்சேனுங்க. நான்தானே வாங்கிக் குடுத்தேன், அந்தச் சந்தோசத்துல எனக்கும் பங்கிருக்குதில்ல?

அப்புறந்தான் ஈரோட்டுல இருந்து சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வந்தாங்க. யமுனாவோட மாமனார் மாமியார். மரியாதையான மனுசங்க. நான் அவரை மெஷின் முன்னால நிறுத்தி, ஒம்பது பார், முன்னூறு அடின்னு எல்லாத்தையும் சொல்லிட்டிருக்கேன். இவ ஒவ்வொரு கப்பா போட்டுக் கொண்டாந்து குடுக்கறா. கடைசியாத் தனக்கு ஒண்ணு போட்டுட்டு வந்து எங்களோட உக்காந்தா. சம்பந்தியம்மா சும்மா பேச்சுக்குக் கேட்டாங்க. "ஏனுங்க, மெஷின் காப்பி நல்லாருக்குதா, உங்க பில்டர் காப்பி நல்லாருக்குதா?"

இவ என்ன சொல்லோணும்? ரெண்டும் நல்லாத்தான் இருக்குதுங்கன்னு சொல்லலாம். அவரு பாத்து வாங்குனதுங்கன்னு சொல்லியிருந்தா இன்னும் அழகா இருந்திருக்கும். இவ என்ன சொன்னா தெரியுமுங்களா? சிரிச்சுக்கிட்டே சொல்றா.

"பில்டர் காப்பி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து நான் குடிச்சது ரெண்டாவது டிகாஷன்தான்."

பொட்டுனு அறைஞ்ச மாதிரி இருந்துச்சு தம்பி எனக்கு. சம்பந்தி முன்னால! சம்பந்தியம்மா என்ன பண்ணுனாங்க, இவ கையைப் புடிச்சுக்கிட்டு, "எனக்கும் அப்படித்தானுங்க"ன்னாங்க. அவங்க கண்ணெல்லாம் கலங்கிருச்சு. சம்பந்தி என்னை ஒரு பார்வை பாத்தாரு பாருங்க. அவரு வீட்டுலயும் போயி நான்தான் தீ வெச்ச மாதிரி. அப்புறம் அவரு கப்பையே பாத்துக்கிட்டு உக்காந்துட்டாரு. சாப்பிட்டுப் போங்கன்னா, இல்லீங்க, வெய்யிலுக்கு முன்னால கிளம்பறோம்னுட்டாங்க.

அவங்க போனதும் கேட்டேன். என்னை எதுக்கு இப்படி மானங்கெட வெச்சே? குடிக்கப் புடிக்கலைன்னா எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? அவ கணக்காப் பதில் சொல்றாளுங்க. "அந்த பில்டர்ல எத்தனை டம்ளர் முதல் டிகாஷன் வருமுங்க? உங்களுக்கு, உங்கப்பாவுக்கு, உங்க தம்பிக்கு, கடையில இருந்து யாராச்சும் கூட வந்தா அவங்களுக்கு. அப்புறம் என்ன மிஞ்சும்?"

ஏன்டி, சொல்லியிருந்தா நான் பெரிய பில்டரா ஒண்ணு வாங்கியிருக்க மாட்டனா? கோயமுத்தூர் ஜில்லா பூராம் பம்பு வித்தவனுக்கு ஒரு பில்டர் வாங்கத் தெரியாதா? அவ எந்திரிச்சுப் போயி கப்புகளைக் கழுவ ஆரம்பிச்சுட்டா.

நியாயம் சொல்லுங்க தம்பி. ஒரே பாய், ஒரே சோறு, ஒரே வீடு. நான் ஊரெல்லாம் என்ற வீட்டுக் காப்பி, என்ற வீட்டுக் காப்பின்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். இவ உள்ள நின்னு அதைக் கேட்டுக்கிட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி டம்ளரைக் கொண்டாந்து நீட்டியிருக்கா. கூட்டாளி கடையில திருடுனா நாம கண்டுபுடிச்சுரலாம். இதை எப்படிங்க கண்டுபுடிக்கறது? நெஞ்சு வலிக்குது தம்பி. மெய்யாலுமே வலிக்குது.

எனக்கு ரோசம் வந்துருச்சு. எனக்கு மெஷின் காப்பி வேண்டாம், பழையபடி பில்டர்லயே போடுன்னுட்டேன். வருத்தப்படுவா, கெஞ்சுவான்னு பாத்தேன். "சரிங்க"ன்னுட்டு பரண்ல இருந்து பில்டரை இறக்கிட்டா. மறுபடி அதே முறுக்கல், அதே தைலம். எனக்கு பில்டர் காப்பி, அவளுக்கு மெஷின் காப்பி. ஒரே வீட்டுல ரெண்டு காப்பி! பாகம் பிரிச்ச வீடு மாதிரி. அது மட்டும் இல்லீங்க. பில்டர் இறங்க நேரமாகுமில்ல? காலைல நான் படுத்திருக்கறப்ப மொதல்ல கேக்கறது அந்த உர்ர்ர் சத்தந்தான். அவ காப்பி மொதல்ல! அவ குடிச்சு முடிச்சுத்தான் எனக்கு வருது. அந்தச் சத்தத்தைக் கேட்டா எனக்கு உடம்பெல்லாம் எரியுதுங்க.

அதான் வித்துரலாம்னு போன்ல விளம்பரம் போட்டேன். அவகிட்டச் சொல்லலை. அவ எங்கிட்டச் சொன்னாளா? உடுமலையில அவ அக்கா ஊருக் கோயில் நோம்பிக்கு இன்னிக்குப் போயிட்டுப் பொழுதோட வந்துருவா. அதுக்குள்ள மெஷின் போயிருக்கோணும்னுதான் உங்களை இன்னிக்கு வரச் சொன்னேன்.

சரி, பேசிட்டே இருந்தா ஆகாது, வாங்க, மெஷினைப் பாருங்க. இப்படி வாங்க. தலை பத்திரம்.

அட கெரகமே. மெஷினைக் காணோமுங்க! இங்கதானே இருந்துச்சு, இந்த மேடை மேலதான். துணி மட்டும் மடிச்சுக் கெடக்குது. அக்காகாரி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாளா? என்னங்க? அந்த மூலையிலயா?

பெட்டி. இந்தப் பெட்டியை அப்பவே பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சுன்னுல்ல நெனச்சேன். பிரிங்க, பிரிங்க. தெர்மாகோல் எல்லாம் வந்தப்ப இருந்த மாதிரியே வெச்சிருக்கா. மெஷினைப் பாருங்க, கண்ணாடி மாதிரி துடைச்சு. பொடி அமுத்தற கட்டை. கழுவற பிரஷ். இதென்ன, புதுப் பொடிப் பாக்கெட்டு. அவளுக்குன்னு நேத்து வாங்குனது, அதையுமா உள்ள வெச்சிருக்கா?

நான் விக்கறது இவளுக்கு எப்படித் தெரியும்?

என்ன சொன்னீங்க தம்பி? நேத்து நீங்க போன் பண்ணப்பவா? நான் குளிச்சுட்டிருந்திருப்பேன். அவதான் எடுத்தாளா? என்ன சொன்னா? வழி சொன்னாளா. அப்புறம்? சிக்கரி கலந்த பொடி போட்டுராதீங்கன்னு. ஆவி வர்ற குழாயை, பால் காயறதுக்குள்ள துடைச்சிருங்கன்னு. அப்புறம்? என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா? ஒண்ணும் சொல்லலையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒண்ணுமே இல்லையா?

பாத்தீங்களா. இதைத்தானே இவ்வளவு நேரம் சொல்லிட்டிருந்தேன். ராத்திரி கேக்கலை, சண்டை போடலை. காலைல பையை எடுத்துக்கிட்டு, "டிகாஷன் பில்டர்ல இருக்குதுங்க, பதினோரு மணிக்குக் கலந்து குடிச்சுக்கங்க"ன்னு சொல்லிட்டுப் போறா. மொகத்துல ஒரு மாத்தம் இல்லை. இப்படிப்பட்டவகிட்ட எப்படிங்க குடும்பம் நடத்தறது?

காப்பி குடுக்கறேன்னு சொல்லி எவ்வளவு நேரமாச்சு, மன்னிச்சுக்கங்க. பால் காய வெக்கறேன். பில்டர்ல, ம், ஒரு டம்ளருக்குத்தான் இருக்குது. பரவால்ல. நீங்க வீட்டுக்கு வந்தவங்க, நீங்க குடிங்க. எனக்குப் புதுசாப் போட்டுக்கறேன். பொடி டப்பா எங்க? இது சீரகம். இது வெந்தயம். இதுல என்ன, பொட்டுக்கடலை. எங்க வெச்சிருக்கான்னு தெரியலையேங்க. அந்தப் பாக்கெட்டையா பிரிக்கறது? வேண்டாம், வேண்டாம், அது அவளுது. விடுங்க, இந்த பில்டர்லயே தண்ணி ஊத்திக்கறேன். எனக்கென்ன, எப்படி இருந்தாலும் குடிச்சுக்குவேன். நனைஞ்ச பொடிதானே, சீக்கிரம் இறங்கிரும்.

இந்தாங்க. சூடா இருக்குது, பாத்துப் புடிங்க. எப்படி இருக்குது? ஆங், சொன்னனில்ல? நாச்சிமுத்து வீட்டுக் காப்பி.

எனக்கும் இறங்கிருச்சு.

த்தூ. என்னங்க இது? பால் திரிஞ்சு போச்சா? உங்களுதுலயும் அதே பால்தானே. சர்க்கரை பத்தலையோ என்னமோ. இன்னொரு ஸ்பூன் போடறேன். ம்ஹூம். கசப்பும் இல்லை, வாசமும் இல்லை. டம்ளர் கழுவுன தண்ணிங்க இது.

இல்ல இல்ல, கீழ ஊத்த வேண்டாம். இருங்க. ஒரு டம்ளர்தானே. குடிச்சுப் பாக்கறேன்.

முடியலைங்க.

இதையா?

தினமும் கேப்பா தம்பி, "காப்பி எப்படி இருந்துச்சுங்க"ன்னு. நான் பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காம "ம்"ம்பேன். அவ்வளவுதான், டம்ளரை வாங்கிட்டுப் போயிருவா. உள்ள போயி இதைக் குடிச்சிருக்கா. இதைக் குடிச்சுட்டு வந்து எங்கிட்டச் சிரிச்சுப் பேசியிருக்கா. ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த டம்ளரை என்ற முன்னால டொக்குனு வெச்சு, நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாருங்கன்னு சொல்லியிருக்கலாமில்ல? சம்பந்திகிட்டச் சொன்னா. முன்னப் பின்னத் தெரியாத உங்ககிட்டக் கூட மெஷினை எப்படித் துடைக்கறதுன்னு சொன்னா. எங்கிட்ட மட்டும் சொல்லலை. இது துரோகம் இல்லாம வேற என்னங்க?

எதுக்குத் தம்பி பெட்டியைத் தூக்கறீங்க? வைங்க கீழ. எச்சாப் பணம் வேணும்னு கேக்கலை, அந்தப் பேச்சே இல்லை. வெய்யில்ல அலைய விட்டுட்டேன், வையாதீங்க. அவ வர்றதுக்குள்ள மெஷினை மறுபடி அந்த மேடை மேல ஏத்தோணும், என்னால தனியாத் தூக்க முடியாது. நீங்கதான் ஒரு கை புடிக்கோணும்.

அவசரமில்லை, இருங்க. மொதல்ல காப்பியைக் குடிங்க, ஆறிரும். உங்களுது முதல் டிகாஷனுங்க.